தகவல் கசிந்தால் முதலில் நோயாளிக்குச் சொல்லுங்கள்: மலையகத்திலிருந்து ஒரு திறந்த மடல்

இலங்கைத் தரவுப் பாதுகாப்பு அதிகார சபையின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், சுகாதார அமைச்சின் செயலாளருக்கும்,

வணக்கம்.

ஹட்டன் பக்கத்தில் தோட்டத்து மக்களுக்கு மனு, முறைப்பாடு, விண்ணப்பப் படிவம் எழுதிக் கொடுப்பவன் நான். பிறப்புப் பத்திரத்தில் பெயர்ப் பிழை, ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) காசு, முதியோர் கொடுப்பனவு, காணி உறுதி என்றுதான் பெரும்பாலும் ஆட்கள் வருவார்கள். அண்மைக் காலமாக வேறொரு குறையோடும் வருகிறார்கள். ஆஸ்பத்திரியில் வைத்தியரிடம் சொன்ன விஷயம் தோட்டத்தில் நாலு பேர் வாயில் வந்துவிட்டது, இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள்.

செய்வதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது, ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளே இருக்கின்றன. ஆனால் முக்கியமான வழிகள் எல்லாவற்றுக்கும் காலக்கெடு உண்டு. அந்தக் கெடு ஓடத் தொடங்கும் நேரத்தில், தன் தகவல் வெளியே போய்விட்டது என்பது நோயாளிக்கே தெரியாது. தெரிந்து, விசாரித்து, பஸ் ஏறி வருவதற்குள் கெடு முடிந்துவிடுகிறது. தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கு உடனே, தமிழில், எழுத்தில் சொல்ல வேண்டும் என்பதை விதியாக்குங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

கசிவு என்றதும் வெளிநாட்டிலிருந்து யாரோ கணினிக்குள் நுழைவதைத்தான் பலரும் நினைக்கிறார்கள். அதுவும் நடக்கக்கூடியதுதான். 2021 இல் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் தரவுகள் அரச சேமிப்பகத்திலிருந்து அழிந்து போயின. 2023 இல் அரச மின்னஞ்சல் சேமிப்பகம் தாக்கப்பட்டு, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இல்லாமல் போயின. இன்று அரச ஆஸ்பத்திரிகள் பலவற்றில் நோயாளிக்குத் தனியான சுகாதார இலக்கம் கொடுத்துக் கணினியில் பதிகிறார்கள். அது நல்ல விஷயம். கிளினிக் கொப்பி மழையில் நனைந்துவிட்டால் மருந்து விபரமே போய்விட்ட காலத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆனால் கணினி வந்த பிறகும் மலையகத்து ஆஸ்பத்திரிகளில் தடித்த மட்டை போட்ட பதிவேடுகள் மேசை மேல்தான் கிடக்கின்றன. வரிசையில் நிற்பவர் எட்டிப் பார்த்தாலே முன்னால் போனவரின் பெயரும் வியாதியும் தெரியும். ஒருவர் போனை எடுத்து ஒரு போட்டோ பிடித்தால் போதும்.

அப்படிப் பிடித்த ஒரு போட்டோவை ஒரு தாய் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். நீலக் கோடு போட்ட பதிவேட்டின் ஒரு பக்கம் அது. பக்கம் மடியாமல் அழுத்திப் பிடித்த பெருவிரல் மூலையில் தெரிகிறது. பத்துப் பதினைந்து பெயர்கள். பெயருக்கு நேரே வயது, அடையாள அட்டை இலக்கம், தோட்டம், டிவிஷன், கடைசி நிரலில் நோய். அவருடைய மகளின் வரியில் காசநோய் என்று இருந்தது. மகள் ஆறு மாதம் ஒழுங்காக மருந்து குடித்து முழுக்கச் சுகமாகி, வேலைக்கும் போகிறாள். போட்டோ பக்கத்து டிவிஷன் வட்ஸ்அப் குழுவில் சுற்றிக் கலியாணம் பேசிய வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. "எங்க போயி சொன்னா ஐயா இத அழிப்பாங்க?" என்று அந்தத் தாய் கேட்டார்.

அவர் அதற்குள்ளேயே அலைந்து முடித்திருந்தார். பொலிஸில், இது ஆஸ்பத்திரி விஷயம் என்றார்கள். ஆஸ்பத்திரியில், பெரியவர் இல்லை, அடுத்த கிழமை வாருங்கள் என்றார்கள். அடுத்த கிழமை போனபோது எழுத்தில் தரச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் தாய்க்கு ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போனது. எழுதுவதற்காக என்னிடம் வந்தபோது அந்தப் போட்டோ வெளியே வந்து ஒரு மாதம் தாண்டியிருந்தது.

அந்த ஒரு மாதத்தில் என்ன போனது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதிகாரிகளான உங்களுக்கு இது தெரிந்ததுதான். இதை வாசிக்கும் எங்கள் ஆட்களுக்காகவும் சேர்த்து எழுதுகிறேன்.

அரச ஆஸ்பத்திரி என்றால் அடிப்படை உரிமை மனு ஒரு வழி. அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரைப்படி, நிர்வாகத் துறையின் செயலால் உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும். நம் அரசியலமைப்பில் அந்தரங்க உரிமை என்று தனியாக ஓர் உறுப்புரை இல்லை. அதனால் சட்டத்தரணி பெரும்பாலும் 12(1) இல் உள்ள சமத்துவ உரிமையைப் பற்றிக்கொண்டுதான் வாதாட வேண்டியிருக்கும். கொழும்புக்குப் போய் வழக்காட எல்லோராலும் முடியாது. அப்படியானவர் அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட வேண்டும். 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவுப்படி, ஆணைக்குழுவின் விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. கண்டியிலும் பதுளையிலும் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் அந்தத் தாயின் வழி திறந்தே இருந்திருக்கும். விஷயம் தெரியவந்த நாளிலிருந்துதான் மாதத்தைக் கணக்கிட வேண்டும் என்று வாதாட இடமுண்டுதான். ஆனால் எந்த நாளில் தெரியவந்தது என்று நிரூபிக்க அவர் கையில் ஒரு துண்டுக் கடதாசியாவது இருக்க வேண்டாமா?

நட்டஈடு வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்றம். மானத்துக்கும் அந்தரங்கத்துக்கும் ஊறு செய்தவரிடம் நட்டஈடு கேட்கும் உரிமையை இந்த நாட்டின் ரோமன் டச்சுச் சட்டம் எப்போதோ தந்திருக்கிறது. அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. கலியாணம் நின்றது, வேலை போனது என்று பண நட்டத்தைக் காட்ட முடிந்தால் அதையும் சேர்த்துக் கேட்கலாம். காலாவதிக் கட்டளைச் சட்டப்படி இதற்கு இரண்டு வருடக் கெடு. அரச ஆஸ்பத்திரிக்கு எதிராக என்றால் சட்டமா அதிபரைப் பிரதிவாதியாகப் போட வேண்டும், வழக்குத் தாக்கல் செய்ய ஒரு மாதத்துக்கு முன் அவருக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அந்த அறிவித்தலை மறந்துவிட்டு வழக்குப் போட்டால் அந்த ஒரு குறையாலேயே வழக்கு விழலாம். வழக்குச் செலவுக்கு வழியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். வருமானத்தைப் பார்த்து இலவசமாகச் சட்டத்தரணி தருவார்கள். அதைக் கேட்டுப் போக நம்மவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை, அது 1978 இலிருந்து சட்டம் தந்த உரிமை.

கணினிக்குள் புகுந்தோ, கடவுச்சொல்லைக் களவாடியோ தகவல் எடுக்கப்பட்டிருந்தால் அது குற்றம். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. அனுமதியில்லாமல் நுழைந்தவருக்கு மட்டுமல்ல, அப்படி எடுத்த தரவைத் தெரிந்துகொண்டே வாங்கி வைத்திருப்பவருக்கும் விற்பவருக்கும் அதில் தண்டனை உண்டு. குற்றவாளி என்று தீர்ப்பானால் நட்டம் அடைந்தவருக்கு இழப்பீடு கொடுக்கும்படியும் நீதிமன்றம் கட்டளையிடும். முறைப்பாட்டை ஊர்ப் பொலிஸில் தமிழிலேயே கொடுக்கலாம், முறைப்பாட்டைப் பதிந்த என்ட்ரி இலக்கத்தைக் கேட்டு வாங்காமல் வரக்கூடாது. சமூக ஊடகத்தில் பரவுவதை நிறுத்த கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் (CERT) நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கு அழைக்கலாம். ஒருவரைத் தொல்லைப்படுத்தவென்று அவருடைய அந்தரங்கத் தகவலை இணையத்தில் போடுவது 2024 இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்திலும் குற்றம். அந்தச் சட்டத்தின் வேறு பிரிவுகளைப் பற்றி எனக்குக் கவலைகள் உண்டு, அது வேறு கதை.

தகவலை வெளியே விட்டவர் வைத்தியர் என்றால் இலங்கை மருத்துவ சபைக்கு முறையிடலாம். தனியார் ஆஸ்பத்திரி என்றால் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபை இருக்கிறது.

எந்த வழியில் போனாலும் ஆதாரம் வேண்டும். அதை எடுத்துத் தருவது தகவல் அறியும் உரிமைச் சட்டம். எந்தப் பதிவேடு வெளியே போனது, எந்தத் தேதியில் உங்களுக்குத் தெரியவந்தது, உள்ளக விசாரணை நடந்ததா, என்ன முடிவு என்று ஆஸ்பத்திரியின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அலுவலரே அதை எழுத்தில் பதிய வேண்டும். இந்த ஏற்பாட்டை எங்கள் பக்கத்தில் பல அலுவலர்களே அறியாமல் இருக்கிறார்கள். ஒருவருடைய மருத்துவ விபரத்தை அவர் எழுத்தில் சம்மதிக்காமல் இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 5 ஆம் பிரிவு சொல்கிறது. முறையாக விண்ணப்பித்துக் கேட்பவருக்கே கொடுக்க முடியாத விபரம், கேட்காதவர்களின் போனுக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இனி, தரவுப் பாதுகாப்பு அதிகார சபையினரே, உங்கள் சட்டத்துக்கு வருகிறேன்.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 மார்ச் 19 இல் சான்றுரைப்படுத்தப்பட்டது. உங்கள் சபையை அமைக்கும் பகுதி 2023 ஜூலை 17 இல் நடைமுறைக்கு வந்தது. நோயாளியின் உரிமைகளைச் சொல்லும் பகுதிகள் 2025 மார்ச் 18 இல் வரும் என்று அறிவித்திருந்தார்கள். அந்தத் தேதி பின்போடப்பட்டபோது கொழும்பில் கம்பனிகள் மூச்சு விட்டிருக்கும். எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம். சுகாதாரத் தகவலை விசேட வகைத் தரவு என்று அந்தச் சட்டம் தனியே எடுத்துச் சொல்கிறது. 2022 இல் இயற்றப்பட்ட வடிவில் அந்தச் சட்டத்தின்படி, தன்னைப் பற்றி என்ன பதிந்திருக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்கலாம், பிழையைத் திருத்தச் சொல்லலாம், 21 வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும், வராவிட்டால் உங்களிடம் மேன்முறையீடு செய்யலாம். கடமை தவறிய நிறுவனத்துக்கு ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். எல்லாம் நல்லதே. ஆனால் தண்டப்பணம் அந்தப் பிள்ளைக்கு நட்டஈடு ஆகாது.

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது 23 ஆம் பிரிவு. தகவல் மீறல் நடந்தால் நிறுவனம் உங்கள் சபைக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது அது. பாதிக்கப்பட்டவருக்கு எப்போது, எப்படி அறிவிக்க வேண்டும் என்பதை விதிகளால் நிர்ணயிக்கும் பொறுப்பை உங்களிடம் விட்டிருக்கிறது. அந்த விதிகளை எழுதும் மேசையில் மலையகத்துத் தோட்டம் ஒன்று எப்படி இயங்குகிறது என்று தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

பாதிக்கப்பட்டவருக்குத் தபாலில் அறிவிக்க வேண்டும் என்று பொதுவாக ஒரு வரி எழுதிவிட்டுப் போனீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கொழும்பில் அந்தக் கடிதம் அவரவர் வாசலுக்குப் போகும். தோட்டத்தில் லயத்துக் காம்பிராக்களுக்கு, அதாவது வரிசை வீட்டு அறைகளுக்கு, தனி விலாசம் கிடையாது. இன்னார், இன்ன டிவிஷன், இன்ன தோட்டம் என்றுதான் எழுதுவார்கள். கடிதம் தோட்டத்து ஒப்பீசில் வந்து விழும். அங்கே யாரோ தரம் பிரித்து, யார் கையிலாவது கொடுத்து அனுப்புவார்கள். ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் மூன்று வீடும் திறந்து பார்க்கும். ஆஸ்பத்திரியின் பெயர் உறையில் அச்சடித்திருந்தால் காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்திலேயே கேள்வி தொடங்கிவிடும். நோயை மறைக்க வேண்டிய கடிதமே நோயை அறிவித்துவிடும். வேலை கொடுக்கும் நிர்வாகத்தின் கை வழியாகத் தொழிலாளியின் சுகாதாரக் கடிதம் போகவே கூடாது.

போனில் செய்தி அனுப்பலாம் என்பீர்கள். பல வீடுகளில் போன் ஒன்றுதான், அது மகன் கையிலோ புருஷன் கையிலோ இருக்கும். கருத்தடை, கர்ப்பச் சிதைவு, மனநலம், அடி உதை காயம் என்று ஆஸ்பத்திரியில் தனியாகச் சொல்லிவிட்டு வந்த பெண்ணுக்கு, அந்தப் போனில் வரும் ஒரு வரி என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். செய்தியில் நோயின் பெயரோ கிளினிக்கின் பெயரோ இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் உங்கள் பதிவு பற்றிப் பேச வேண்டும், இந்த நாளில் வாருங்கள் என்ற அளவோடு நிற்க வேண்டும். விபரத்தை நேரில் சொல்ல வேண்டும்.

யார் சொல்வது? எங்களிடம் ஏற்கெனவே ஆள் இருக்கிறார். குடும்ப நல உத்தியோகத்தர், தோட்டத்தில் மிட்வைப் மிஸ் என்று கூப்பிடும் அந்த அம்மா, வீட்டுக்கு வந்தால் யாரும் சந்தேகப்படுவதில்லை. எல்லா வீட்டுக்கும் வருகிறவர் அவர். ஆண்களுக்கும் வயதானவர்களுக்கும் அடுத்த கிளினிக் நாளில் தனி அறையில் வைத்துச் சொல்லலாம். சொல்லும்போது பக்கத்துக் கட்டில்காரரையோ சிற்றூழியரையோ மொழிபெயர்க்கக் கூப்பிடக் கூடாது. வார்டுகளில் அதுதான் வழக்கமாக நடக்கிறது. தமிழ் தெரியாத தாதி, சிங்களம் தெரியாத நோயாளி, நடுவில் யாரோ ஒருவர். அப்படி மூன்றாவது ஆளின் வாய் வழியாகத் தோட்டத்துக்கு வந்த கதைகள் வட்ஸ்அப்பில் வந்தவற்றை விட அதிகம் என்பது என் எண்ணம்.

சொல்லிவிட்டு ஒரு தாளையும் கையில் கொடுக்க வேண்டும். எந்தத் தகவல் போனது, எப்போது போனது, ஆஸ்பத்திரிக்கு எப்போது தெரியவந்தது, நோயாளிக்கு எந்தத் தேதியில் சொல்லப்பட்டது, பொறுப்பான அதிகாரியின் கையெழுத்து, முத்திரை. கீழே, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மாதம், நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடம், சட்ட உதவி கிடைக்கும் இடம் என்று நாலு வரி. வீட்டில் வைத்துக்கொள்ளப் பயப்படுகிறவர் அதை ஆஸ்பத்திரியிலேயே உறையில் ஒட்டி வைத்துவிட்டு, வேண்டும்போது வந்து வாங்கிக்கொள்ள வசதி வேண்டும். 1948 இல் குடியுரிமை பறிபோன பிறகு கடதாசி இல்லாமல் இரண்டு தலைமுறை பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். அதனால்தான் தாளில் தாருங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அந்தத் தாள் தமிழில் இருக்க வேண்டும். நுவரெலியா, அம்பகமுவ, கொத்மலை, வலப்பனை போன்ற பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் பிரகடனப்படுத்தப்பட்டவை. அங்கே தமிழில் அறிவிப்பது சலுகை ஆகாது. சட்டத் தமிழில் எழுதி யாருக்கும் விளங்காமல் செய்துவிடவும் வேண்டாம், எட்டாம் வகுப்புப் படித்த பிள்ளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டக்கூடிய தமிழாக இருக்கட்டும்.

இவ்வளவும் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்குச் சிங்கப்பூரைக் காட்டுகிறேன். 2018 இல் அங்கே சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்திலிருந்து 15 இலட்சம் நோயாளிகளின் விபரம் களவாடப்பட்டது, பிரதமரின் விபரமும் அதில் இருந்தது. ஜூலை முதல் வாரத்தில் கண்டுபிடித்து, ஜூலை 20 இல் நாட்டுக்கே அறிவித்தார்கள். குறித்த காலத்தில் அங்கே வந்துபோன நோயாளிகள் எல்லோருக்கும், உங்கள் விபரம் போனதா இல்லையா என்று குறுஞ்செய்தி அனுப்பினார்கள். அடுத்த வருடம் சிங்ஹெல்த்துக்கும் அதன் கணினிகளைக் கவனித்த நிறுவனத்துக்கும் சேர்த்துப் பத்து இலட்சம் சிங்கப்பூர் டொலர் தண்டம். பின்லாந்தில் 2020 இல் நடந்தது நேர்மாறு. ஓர் உளவியல் சிகிச்சை நிறுவனத்தின் பதிவுகளைத் திருடியவர், காசு தராவிட்டால் உன் கதையை வெளியிடுவேன் என்று நோயாளிகளுக்கே தனித்தனியாக மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பினார். தங்கள் பதிவு களவுபோன செய்தி பலருக்குத் திருடனிடமிருந்துதான் வந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு நாள் வரக்கூடாது.

கணினியில் நடக்கும் கசிவுக்கு மட்டும் என்று விதியைச் சுருக்கிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மேசை மேல் கிடக்கும் பதிவேடும், வார்டுச் சுவரில் ஒட்டிய பட்டியலும், தோட்டத்து மருந்தகத்தின் கொப்பியும் அதே கணக்கில் வர வேண்டும். சுகாதார அமைச்சு இதற்காக விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நோய் நிரலை மூடி வைக்கவும், பதிவு அறையில் சொந்தப் போனை எடுக்காமல் இருக்கவும் ஒரு சுற்றறிக்கை போதும். தாதிமாரையும் சிற்றூழியர்களையும் குற்றவாளிகளாகப் பார்க்கச் சொல்லவில்லை. நூறு பேர் நிற்கும் வரிசையை இரண்டு பேர் சமாளிக்கும் இடத்தில் பதிவேட்டைப் பூட்டி வைக்க அலுமாரியும் ஆளும் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

இதை வாசிக்கும் எங்கள் ஆட்களுக்கு ஒன்று. அப்படி ஒரு போட்டோ உங்கள் போனுக்கு வந்தால் இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள். உங்கள் விபரமே அதில் இருந்தால் பதறி அழித்துவிடவும் வேண்டாம். யார் அனுப்பியது, எந்தக் குழு, எந்தத் தேதி என்பது தெரியும்படி ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தக் கிழமையே ஆஸ்பத்திரிக்கு எழுத்தில் கொடுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். ஒரு மாதம் முடிவதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு போய்ச் சேர வேண்டும்.

அதிகார சபையிடமும் அமைச்சிடமும் நான் கேட்பது, 23 ஆம் பிரிவின் கீழான நோயாளி அறிவித்தல் விதிகளைப் பற்றி மலையகத்தில் ஒரு கூட்டம் வையுங்கள். ஹட்டனிலோ பதுளையிலோ, ஞாயிற்றுக்கிழமையில், கொழுந்து எடுக்கும் பெண்களும் மிட்வைப்மாரும் வரக்கூடிய நேரத்தில். இந்த மடலின் பிரதி மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணங்களின் சுகாதார அமைச்சுகளுக்கும் தபாலில் போகிறது. பதிலைத் தமிழில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
மனு எழுதிக் கொடுப்பவன்,
ஹட்டன்